வெள்ளாறும் புள்ளினமும்: மலை முதல் முகத்துவாரம் வரை

முன்னுரை

புவனகிரியின் ஓரமாக ஓடும் வெள்ளாற்றை நாம் அன்றாடம் கடக்கின்றோம். சிதம்பரத்திற்குக் கல்வி பயிலச் செல்வோரும் அலுவல் நிமித்தம் செல்வோரும் ஆற்றுப்பாலத்தின் மீது பேருந்தில் விரைகின்றனர். கீழே மணல்திட்டில் வெண்ணிறப் பறவை ஒன்று நிற்கின்றது. நாம் அதனைக் கண்டு 'கொக்கு' என்று ஒரு சொல்லில் கூறி அப்பால் சென்றுவிடுகின்றோம். ஆயின் அது எந்தக் கொக்கு? மாட்டின் பின்னே நடந்து பூச்சி பிடிக்கும் மஞ்சள் அலகுடைய உண்ணிக்கொக்கா? கரிய அலகும் கரிய காலும் மஞ்சள் விரல்களும் கொண்ட சின்ன வெண்கொக்கா? நீண்ட கழுத்தை வளைத்து நெடுநேரம் அசையாது நிற்கும் பெரிய வெண்கொக்கா? நம்முள் பலர்க்கு இவ்வினாவே எழுவதில்லை.

ஒரு பறவையை அதன் பெயரோடும் செயலோடும் வாழிடத்தோடும் அறிந்துகொள்ளும் முயற்சியே 'புள் நோக்கல்' எனப்படும். அறிந்தார் ஒருவர் முன்செல்ல, ஆர்வமுடையோர் சிலர் பின்தொடர, காட்டிலும் ஏரிக்கரையிலும் நடந்து பறவைகளைக் கண்டு குறிப்பெடுக்கும் நடைப்பயணங்கள் இன்று உலகெங்கும் நிகழ்கின்றன. அத்தகைய பயணத்திற்கு இமயத்தையோ ஆப்பிரிக்காவையோ நாட வேண்டுவதில்லை. நம் வெள்ளாறு பிறக்கும் மலைக்காட்டிலிருந்து அது கடலிற் கலக்கும் முகத்துவாரம் வரை செல்லும் வழியே போதுமானது. அவ்வழியில் நிலம் எவ்வாறு மாறுகின்றது, நிலத்தோடு புள்ளினம் எவ்வாறு மாறுகின்றது, அவற்றை எவ்வாறு நோக்க வேண்டும் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு காட்டும் நானிலம்

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுங்கால் மரம், மா, பறை, யாழ் என்பவற்றோடு புள்ளையும் ஒன்றாக வைத்தார். இன்ன நிலத்தில் இன்ன புள் வாழும் என்பது பாட்டிற்குரிய மரபு மட்டுமன்று; நேரிற் கண்டறிந்த உண்மையுமாகும். இன்றைய உயிரியலார் 'வாழிடம்' என்று குறிப்பதைத் தமிழ்ப் புலவர் 'திணை' என்னும் அமைப்பிற்குள் அடக்கி வைத்தனர் எனலாம்.

வெள்ளாற்றின் கிளைகளுள் ஒன்றாகிய வசிட்ட நதி, சித்தேரி மலைப்பகுதியில் தோன்றி ஆத்தூர் வழியே வருகின்றது. சுவேத நதி தம்மம்பட்டிப் பகுதியைக் கடந்து வந்து அதனோடு சேர்கின்றது. கல்வராயன் மலையில் தோன்றும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டு வந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றது. பின்னர்ச் சேத்தியாத்தோப்பு அணையைக் கடந்து, புவனகிரியைத் தழுவி, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலில் சேர்கின்றது வெள்ளாறு. மலை, காடு, வயல், கடற்கரை என்னும் நானிலத்தையும் ஒரே ஆறு தொட்டு வருவது தமிழ் பயில்வோர்க்குக் கிடைத்த நற்பேறு ஆகும்.

குறிஞ்சி: மலைக்காட்டின் குரல்கள்

சித்தேரியும் கல்வராயனும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையைப்போல் இடைவிடாது நீண்டு செல்லாமல், இவை தனித்தனிக் குன்றுத் தொகுதிகளாக நிற்பன. அடிவாரத்தில் முட்புதரும், சரிவில் இலையுதிர் காடும், ஓடை ஓரங்களில் பசுமை மாறா மரங்களும் காணப்படும். 1929ஆம் ஆண்டையொட்டிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொடர்போடு நிகழ்ந்த 'வெர்னே ஆய்வு' என்னும் பறவைக் கணக்கெடுப்பில் சித்தேரி மலையும் இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே நம் ஆற்றின் பிறப்பிடம் பறவையியல் நூல்களில் ஏறிவிட்டது என்பதை இதனால் அறிகின்றோம்.

மலைக்காட்டில் கண்ணைவிடக் காதே முதலில் வேலை செய்ய வேண்டும். இலைச்செறிவில் பறவை மறைந்திருக்கும். குரல்தான் அதனைக் காட்டிக்கொடுக்கும். விடியலில் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கூவல் கேட்கும்; வீட்டுச் சேவலின் கூவலினும் அது உடைந்தும் தடித்தும் ஒலிக்கும். குக்குறுவான் ஒரே ஒலியைக் கொல்லன் சம்மட்டிபோல் இடைவிடாது தட்டும். மரங்கொத்தியின் அலகு பட்ட மரம் பறைபோல் அதிரும். நம் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா காட்டு வழியில் இரைபொறுக்கிக்கொண்டிருந்து, காலடியோசை கேட்டதும் பச்சை மின்னலாய்ப் புதருக்குள் மறையும். பாறைச் சரிவுகளில் நல்வாய்ப்பு உடையோர்க்கு மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்படும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் காணவியலாத பறவை அது.

குளிர்காலத்தில் இக்காடுகளுக்கும், அடிவாரத் தோப்புகளுக்கும், சமவெளித் தோட்டங்களுக்கும்கூட வரும் விருந்தாளி ஒன்றுண்டு. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் 'ஆறுமணிக் குருவி' என்று அதனை நம் மக்கள் அழைக்கின்றனர். இமயத்தின் அடிவாரக் காடுகள் முதலிய இடங்களில் இனம்பெருக்கி, மழைக்குப்பின் தென்னாடு வரும் இப்பறவை, பல வண்ணங்களைப் பூண்டிருந்தும் சருகுகளுக்கிடையே ஒளிந்து நடப்பதால் எளிதிற் கண்ணிற்படாது. 'தோட்டக்கள்ளன்' என்ற மற்றொரு பெயர் அவ்வியல்பினை உணர்த்துகின்றது. ஒரு பெயர் அதன் பொழுதைக் கூறுகின்றது; மற்றொரு பெயர் அதன் ஒழுக்கத்தைக் கூறுகின்றது. இப்பெயர்களை இட்டவர்கள் நூல் கற்றவர் அல்லர். நெடுங்காலம் கூர்ந்து நோக்கியவர்கள்.

முல்லை: புன்செய்யும் புதர்க்காடும்

மலையிலிருந்து இறங்கினால் ஆத்தூர் முதல் விருத்தாசலம் வரை புன்செய் நிலங்களும் மேய்ச்சல் வெளிகளும் விரிகின்றன. கௌதாரியும் காடையும் வரப்போரம் ஓடி மறைகின்றன. பனையின் பொந்தில் கூடு வைக்கும் பனங்காடை, அமர்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தோன்றிப் பறக்கும்போது மட்டுமே தன் நீலச் சிறகின் எழிலை வெளிப்படுத்தும். மாட்டின் முதுகில் சவாரி செய்யும் கரிச்சான், தன் கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் விரட்டியடிக்கும் துணிவுடையது. மனிதர் நடமாட்டத்தைக் கண்டவுடன் கத்திக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி அப்பெயர் பெற்றது.

தலையில் விசிறிபோன்ற கொண்டையும் நீண்டு வளைந்த அலகும் கொண்ட கொண்டலாத்தியையும் இந்நிலத்தில் காணலாம். திருக்குர்ஆனில் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்ததாகக் கூறப்பெறும் 'ஹுத்ஹுத்' பறவை இதுவேயாகும். அச்செய்தியை ஓதி அறிந்த நம் பிள்ளைகளுள், தம் பள்ளிவாசல் திடலிலேயே அப்பறவை இரைதேடி நடப்பதைக் கண்டு இன்னதென்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

மருதம்: ஏரியும் வயலும்

சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது காற்றில் ஈரம் ஏறுகின்றது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த இந்நாட்டின் இதயம் வீராணம் ஏரி. முதற் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் அமைந்த இவ்வேரிக்கு, அவன் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி என்று பெயர் வழங்கிற்று. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் பெறும் இந்த ஏரி, உழவர்க்கு நீர் தருவதோடு 2004 முதல் சென்னை மாநகர்க்கும் குடிநீர் தருகின்றது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் உள்ள பெருமாள் ஏரியும் வாலாஜா ஏரியும் நம் மாவட்டத்தின் பிற பெரிய நீர்நிலைகளாம்.

ஏரியை நோக்குவோர் அதனை ஒரே நீர்ப்பரப்பாகக் கருதுதல் கூடாது. ஆழத்திற்கேற்ப அது பல அடுக்குகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆழ்நீரில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. நடுப்பரப்பில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் மிதக்கின்றன. அல்லியும் தாமரையும் படர்ந்த இடத்தில் இலைக்கோழி, நீண்ட விரல்களால் உடற்சுமையைப் பரப்பி, இலைமேல் நடந்து செல்கின்றது. அவ்வினத்தில் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்பறவையே. கோரைப்புதரில் நீலத்தாழைக்கோழி உலவுகின்றது. முழங்காலளவு நீரில் நாரைகள் நிற்கின்றன. கரைச்சேற்றில் உள்ளான்கள் ஓடுகின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். வழுக்கும் நத்தையைப் பற்றி, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. ஒவ்வோர் அலகும் ஒவ்வொரு தொழிலுக்குரிய கருவி என்பதை மாணாக்கர் உணரும் இடம் ஏரிக்கரையே.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் ஏரிகளை நிரப்புகின்றது. அதே காலத்தில் சைபீரியாவும் நடு ஆசியாவும் பனியால் உறைந்து இரை கிடைக்காமற் போகின்றன. ஆகவே ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பல்லாயிரம் கல் தொலைவு பறந்து நம்மிடம் வருகின்றன. பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது மீண்டுவிடுகின்றன. இவ்வலசையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். குடந்தையை அடுத்த சத்திமுற்றத்துப் புலவர், வறுமையால் மதுரையில் குளிரில் வாடியபோது, தென்கோடியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய பாடலை நாம் வகுப்பறையில் பயின்றுள்ளோம். அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட அப்புலவர், பசியிலும் பறவையை உற்று நோக்கியவர் ஆவார்.

நெய்தல்: கழிமுகமும் சுரபுன்னைக் காடும்

வெள்ளாறு கடல் சேரும் பரங்கிப்பேட்டை, வணிகத்தாலும் மரைக்காயர் மரபாலும் புகழ் பெற்ற ஊர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடி முடிக்க ஆதரவளித்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் இவ்வூரினர். அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த உமறு, அதனை வயலும் வாவியும் புள்ளும் நிறைந்த தமிழ் மருத நிலமாகவே கண்டு பாடினார். கவிஞர் உள்ளத்தில் நம் மண் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் இவ்வூரில் வெள்ளாற்றங்கரையிலேயே அமைந்துள்ளது.

வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே பிச்சாவரம் சதுப்புக்காடு பரந்துள்ளது. சுரபுன்னையும் வெண்கண்டலும் வேர்களால் சேற்றைப் பற்றி நிற்க, சிறு கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் தந்த தில்லை மரமும் இக்காட்டினதே. 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் பிச்சாவரம் 2022ஆம் ஆண்டு இடம்பெற்றது.

இங்குப் பறவைகளின் நாள், கதிரவனால் மட்டுமன்றிக் கடலின் ஏற்றவற்றத்தாலும் அமைகின்றது. நீர் வற்றும்போது சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். உள்ளான் வகைகள் அங்கே இறங்கி இரை தேடும். குட்டையான அலகுடைய உப்புக்கொத்திகள் மேற்சேற்றில் கண்ணாற் கண்டு கொத்துகின்றன. நடுத்தர அலகுடைய பவளக்காலியும் மூக்கனும் சற்றே ஆழத்தில் துழாவுகின்றன. வில்போல் வளைந்த நெடிய அலகுடைய கோட்டான், நண்டின் வளைக்குள் அலகைச் செலுத்துகின்றது. ஒரே திட்டில் பல இனங்கள் போட்டியின்றி உண்பதன் மறைபொருள் இதுவே. நீர் ஏறும்போது திட்டுகள் சுருங்குவதால் பறவைகள் கரையை நோக்கி நெருங்கி வரும். நோக்குவோர்க்கு அதுவே நல்ல நேரம். ஆகவே பிச்சாவரம் செல்வோர் கடிகாரத்தோடு நீர் ஏறும் நேரத்தையும் கேட்டறிந்து செல்லல் வேண்டும். இயந்திரப் படகினும் துடுப்புப் படகே சிறந்தது. அது குறுகிய கால்வாய்க்குள்ளும் நுழையும், ஓசையும் எழுப்பாது.

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் உள்ளன. சிறுவெண்காக்கை என்பது ஆலாவோ கடற்காகமோ என ஆராயும் மாணவர், நூலகத்தில் ஒரு நாளும் முகத்துவாரத்தில் ஒரு நாளும் செலவிட்டால் தெளிவு பெறுவர். பி. எல். சாமி அவர்கள் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் இவ்விரு வகை ஆராய்ச்சியையும் இணைத்து வழிகாட்டியுள்ளார்.

வலசையின் பெருமையை உணர்த்த உலகச் செய்தி ஒன்றைக் கூறுவோம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், செயற்கைக்கோள் வழியே பின்தொடரப்பெற்ற இளம் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாட்களில் இடையில் எங்கும் இறங்காமற் கடந்தது. அப்பறவைக்கு நெருங்கிய உறவினம் நம் கழிமுகச் சேற்றிலும் இரை தேடுகின்றது.

வழிகாட்டி யார்?

வழிகாட்டி இல்லாத நடை, உரையாசிரியர் இல்லாத சங்கப்பாட்டு போன்றது. சொல் தெரியும், பொருள் விளங்காது. சித்தேரியிலும் கல்வராயனிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர், ஒரு பழமரத்தில் எந்த மாதம் எந்தப் பறவை கூடும் என்பதை அறிவர். பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர்கள், கழிநீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கும் திறமுடையோர். சதுப்பின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்கள். நடுக்கடலில் ஆலாக் கூட்டம் வட்டமிட்டுப் பாயும் இடத்தில் மீன்திரள் உண்டென்று மீனவர் அறிவர். இவர்களே நமக்கு உண்மை ஆசிரியர்கள்.

காப்புக்காட்டிற்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் குற்றம், உயிருக்கும் இடர். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் மாதம் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் மலைநடைக்கு அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களை ஒழுங்குசெய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மலைநடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மலைவாழ் இளைஞர்க்கு அவர்தம் அறிவே பிழைப்பாகவும் மதிப்பாகவும் அமைவது வரவேற்கத்தக்கது.

நோக்கும் முறை

புள் நோக்கச் செல்வோர் கதிரவன் எழுவதற்கு முன்பே இடத்தை அடைதல் நலம். வெண்மையும் செம்மையும் தவிர்த்து, மண்ணிறம் அல்லது இலைநிற ஆடை அணிதல் வேண்டும். பைனாகுலர் எனப்படும் இருகண் நோக்கியில் 8, 40 என்பன போன்ற இரண்டு எண்கள் இருக்கும். முன்னது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், பின்னது முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். பெருக்கம் மிகுந்தால் கைநடுக்கமும் மிகும். ஆதலால் தொடக்கநிலையில் எட்டு மடங்கே போதும். கருவி இல்லையெனினும் குறையில்லை. கண்ணும் காதும் குறிப்பேடும் உடையவர் தொடங்கலாம்.

பறவையைக் கண்டவுடன் நூலைப் புரட்டலாகாது, பறவை பறந்துவிடும். முதலில் அதன் அளவைச் சிட்டு, மைனா, காக்கை, பருந்து ஆகியவற்றுள் ஒன்றோடு ஒப்பிடுக. அலகின் வடிவம், காலின் நிறம், வாலின் அமைப்பு, பறக்கும் முறை, குரல், இருந்த இடம், செய்த செயல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. நாளும் நேரமும் இடமும் எழுதப்பெறாத குறிப்பு ஆய்வுக்கு உதவாது. கூட்டை நெருங்குதல், குஞ்சைத் தொடுதல், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை ஏமாற்றி அழைத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். அஞ்சிய தாய்ப்பறவை கூட்டைவிட்டு நீங்கினால் வெயிலும் காக்கையும் குஞ்சுகளை முடித்துவிடும்.

இத்துறையின் முன்னோடிகள்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில், லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டுத் தாம் வளர்த்த சாரசக் கொக்கு இணை கூடுகட்டி அடைகாத்த முறையை நுணுக்கமாக எழுதியுள்ளார். அவரது அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் பறவைகளை உயிரோவியங்களாகத் தீட்டினார்.

நம் காலத்தில் இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெறுபவர் சலீம் அலி. 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதன் பெயரறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டை நாடினார். அவர் காட்டிய பறவைத் தொகுப்பே சிறுவனின் வாழ்வை மாற்றியது. 1930ஆம் ஆண்டில் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்து, ஆண்குருவி பாதிக் கூடு கட்டியதும் பெட்டை வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்பதையும், பின்னர் அவ்வாணே மற்றொரு கூட்டைத் தொடங்கும் என்பதையும் வெளிப்படுத்தினார். 1941இல் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987இல் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் இயங்கி வருகின்றது. ஒரு சிறுவன் கேட்ட 'இது என்ன பறவை?' என்னும் வினாவை, அதற்கு விடைகூறிய பெரியவர் ஒருவர் புறக்கணிக்காமையால் இத்துணையும் விளைந்தன. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை நினைவிற் கொள்வார்களாக.

இழந்ததும் மீண்டதும்

பாலைத்திணைக்குரிய புள்ளாகப் புலவர்கள் எருவையையும் கழுகையும் கூறினர். ஊர்ப்புறத்தில் மாடு இறந்தால் வானிலிருந்து இறங்கும் பிணந்தின்னிக் கழுகுகளை நம் பெரியவர்கள் கண்டுள்ளனர். நம் மாணவர்கள் கண்டதில்லை. மாட்டின் வலி தீரக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இவ்வுண்மை 2004இல் ஆய்வால் வெளிப்பட, 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதற்குள் கழுகினம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இன்று தமிழகத்தில் முதுமலை, மாயாறு சார்ந்த காடுகளிலேயே அவை எஞ்சியுள்ளன. எண்ணிக்கை குறைவதை உரிய காலத்தில் எவரேனும் எண்ணிப் பதிந்திருந்தால் காரணமும் முன்பே தெரிந்திருக்கும். புள் நோக்கல் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களை உடனடிக் காப்புத் தேவைப்படுவனவாகக் குறித்தது. அவ்வறிக்கைக்கு அடிப்படை, பல்லாயிரம் எளிய மக்கள் எழுதிய குறிப்புகளே.

மீட்சிக்கும் சான்றுண்டு. ஆங்கிலேயர் காலந்தொட்டு மரம் வெட்டப்பெற்றதால் பிச்சாவரத்தின் சில பகுதிகளில் நிலம் தாழ்ந்து, உப்பு தேங்கி, மரம் முளைக்காமற் போயிற்று. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, கடல்நீர் வந்து மீளச் செய்து, காட்டை மீண்டும் வளர்த்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை ஆய்வாளர் பதிவு செய்தனர். பறவைக்கு வீடாக வளர்ந்த காடு மனிதர்க்கு அரணாயிற்று.

ஆயினும் ஒரு வழக்கம் இன்னும் நீங்கவில்லை. மழைக்காலத்தில் வயல்களில் வலை விரித்துக் கொக்கையும் மடையானையும் உள்ளானையும் பிடித்து, சாலையோரத்தில் விற்பதைக் காண்கின்றோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வறுமையால் வலை விரிப்போரை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை. வண்டியை நிறுத்தி விலை பேசுவோர் வசதி உடையவர்கள். வாங்குவார் இல்லையெனில் வலைக்கு வேலையில்லை. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடலாகாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அரசு காப்பதற்கு முன்பே ஊர் காத்தது. வேடந்தாங்கலில் நடந்தது நம் ஊர்களில் நடத்தற்கு அரியதன்று. ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்தாரும் ஒரு சொல் சொன்னால் அச்சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு.

முடிவுரை

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் தனிப்பணி ஒன்று உள்ளது. ஒரே பறவைக்குச் சித்தேரியில் ஒரு பெயர், விருத்தாசலத்தில் ஒரு பெயர், கிள்ளையில் ஒரு பெயர், பரங்கிப்பேட்டை மீனவரிடம் ஒரு பெயர் வழங்கக் கூடும். அப்பெயர்களுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. அவற்றை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பறவை அழிந்தால் பெயர் பொருளற்றுப் போகின்றது. பெயர் அழிந்தாலோ, பறவை கண்முன் இருந்தும் நமக்கு அயலாகிவிடுகின்றது.

ஆகவே வரும் மார்கழியிலும் தையிலும் விடுமுறை நாளொன்றில் நான்கைந்து மாணவர்கள் ஓர் ஆசிரியரோடு சேர்ந்து புறப்படலாம். தொலைவிலுள்ள மலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்லை; புவனகிரிப் பாலத்தடியிலிருந்தே தொடங்கலாம். உடன் ஒரு முதியவரை அழைத்துச் செல்க. அவர் சொல்லும் பெயரை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதிக்கொள்க. நாளும் இடமும் குறித்து, எண்ணிக்கையையும் பதிந்து வைக்க. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நிகழும் பறவைக் கணக்கெடுப்பில் அக்குறிப்புகளைச் சேர்க்கலாம். ஆண்டுதோறும் ஒரு குறிப்பேடு நிரம்புமாயின், பத்தாண்டுகளில் வெள்ளாற்றுப் புள்ளினத்திற்கு ஒரு சொற்களஞ்சியமும் வரலாறும் நம் கையில் இருக்கும். அதனை ஆக்கித் தரும் கடமை இவ்வாற்றின் கரையில் தமிழ் கற்கும் நம்முடையதேயாகும்.